பத்துக்குப் பத்து ரூம்... அதுல உங்க பங்கு எவ்ளோ?

செமஸ்டருக்கு இன்னும் நாலே நாள். ஹால்ல டி.வி. ஓடுது. டி.வி.க்கு முன்னாடி அப்பா. அப்பாவுக்குப் பின்னாடி கட்டில்ல பாட்டி. கட்டிலுக்குக் கீழே தம்பியோட பேட், ஒத்தை ஷூ, போன வருஷத்து காலண்டர். கிச்சன்ல குக்கர் மூணாவது விசில். நீங்க கையில புக்கோட வீட்டை ஒரு ரவுண்டு வர்றீங்க. உட்கார இடம் இல்லை. கடைசிப் புகலிடம், மொட்டை மாடிப் படிக்கட்டு. அங்கே பக்கத்து போர்ஷன் அண்ணன் ஏற்கெனவே போன் பேசிட்டு இருக்கார். அந்தப் பேச்சு எப்ப முடியும்னு ஆண்டவனுக்கும் தெரியாது!

'இடம் பத்தலை'ங்கிற டயலாக்கைப் பேசாத வீடு நம்ம ஊர்ல எத்தனை இருக்கும் பாஸ்? 2020 ஊரடங்குல இந்த விஷயம் எல்லாருக்கும் நல்லாவே உறைச்சது. ஒரே ஹால்ல ஒருத்தருக்கு ஆன்லைன் கிளாஸ், இன்னொருத்தருக்கு ஆபீஸ் மீட்டிங், நடுவுல மிக்ஸி. மியூட் போட மறந்தவன் வீட்ல அன்னிக்கு என்ன குழம்புன்னு மொத்த கிளாஸுக்கும் தெரிஞ்சது.

'அப்ப பெரிய வீடா பாருங்க'ன்னு சொல்ல நான் இங்கே வரலை. வாடகை யார் கொடுக்கிறது? 'இந்த சோபா கம் பெட் வாங்குங்க'ன்னும் சொல்லப் போறதில்லை. இருக்கிற வீடு, இருக்கிற சுவர், கையில இருக்கிற சில்லறை... இதுக்குள்ள என்ன பண்ணலாம்னு பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

நாங்க இருந்தது ஒரு ஹால், ஒரு கிச்சன். அவ்ளோதான் வீடே. ஆள் அஞ்சு பேர். ஹால்ல ஒரே ஒரு மேஜை. அந்த மேஜை என்னோடது. யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்கலை... ஆனா என்னோடதுதான். எங்க அக்கா ப்ளஸ் டூ படிச்சது கிச்சன்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவுத்தப்புறம், ஈரத் தரையில பழைய பேப்பரை விரிச்சு, சிலிண்டர்ல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு உட்காருவாங்க. ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. நான் தண்ணி குடிக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கேன். ஒரு நாள்கூட 'ஏன் இங்கே உட்கார்ந்திருக்கே?'னு கேட்கத் தோணினதில்லை. ஹாஸ்டலுக்குப் போய், எனக்குன்னு ஒரு மேஜை இல்லாம நின்னப்பதான் மண்டையில உறைச்சது. எங்க வீட்ல இடம் இல்லாம இல்லை. இருந்த இடத்தைச் சாமான் பாதி, நான் பாதின்னு பிடிச்சு வெச்சிருந்தோம்!

ஸோ, இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு ரூல்தான். வீட்ல இடம் பண்றது சாமானுக்கு இல்லை, ஆளுக்கு. இதை மனசுல வெச்சுக்கிட்டு வாங்க, வேலையை ஆரம்பிப்போம்.

முதல் செலவு... ஒரு டேப்!

ராக் வாங்க கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஒரு அளவு டேப்பும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் எடுங்க. ஒரு கட்டம்னா ஒரு அடி. ரூமை வரையுங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஜன்னல் எங்கே, பிளக் பாயின்ட் எங்கே... எல்லாத்தையும் குறிங்க. அப்புறம் கட்டில், பீரோ, டி.வி. ஸ்டாண்டு, ஃப்ரிட்ஜ்னு ஒவ்வொண்ணா கட்டத்துக்குள்ள உட்கார வையுங்க. பத்துக்குப் பத்து ரூம்ல 100 கட்டம். ஆறுக்கு நாலு கட்டில் மட்டுமே 24 கட்டத்தைச் சாப்பிட்டுடும். பீரோ வைக்கிற இடத்தோட அதோட கதவு திறக்கிற இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பட்ஜெட்ல துண்டு விழுறதே அங்கேதான்!

இப்ப இரண்டாவது வேலை. வீட்ல எத்தனை பேரோ அத்தனை கலர் பேனா. காலையில 6 மணி, சாயங்காலம் 6 மணி, ராத்திரி 10 மணி... இந்த மூணு நேரத்துல யார் எங்கே உட்காருறாங்கன்னு புள்ளி வையுங்க. படம் முடிஞ்சதும் பாருங்க... யாருக்கோ ஒருத்தருக்குப் புள்ளி வைக்க இடமே கிடைச்சிருக்காது. அநேகமா அது அம்மாவா இருக்கும். இல்லைன்னா அக்கா, தங்கச்சி, பாட்டி. அவங்களுக்கு ஒரு மூலை பிடிக்கிறதுதான் நம்ம ப்ராஜெக்ட்.

72 பேர் தூங்குற 'ஃப்ளாட்'!

இடத்தை எப்படி உபயோகிக்கணும்னு கத்துக்க இன்டீரியர் டிசைன் கோர்ஸ் சேர வேண்டாம். ரயிலேறின அனுபவம் போதும். சென்னை பெரம்பூர்ல 1955ல தொடங்கின ஐ.சி.எஃப். தொழிற்சாலை ஞாபகம் இருக்கா? அங்கே தயாரான ஸ்லீப்பர் பெட்டி ஒண்ணு சுமார் 70 அடி நீளம், பத்தரை அடி அகலம். பெருக்கிப் பாருங்க... 735 சதுர அடி. நம்ம ஊர் சின்ன டபுள் பெட்ரூம் ஃப்ளாட் சைஸ்! அதுக்குள்ள 72 பெர்த், நாலு டாய்லெட், நடக்க வழி, லக்கேஜ் வைக்க இடம்.

எப்படி சாத்தியம்? மூணே ட்ரிக்தான். ஒண்ணு, அடுக்கு. ஒரு ஆள் படுக்கிற தரை மேல மூணு பேர் படுக்கிறாங்க. ரெண்டு, மடக்கு. பகல்ல மிடில் பெர்த் உங்க முதுகு சாயுற பலகை. ராத்திரி அதுவே படுக்கை. சைடு லோயர்ல எதிரெதிர் ரெண்டு சீட், மடக்கினா ஒரு பெட். மூணு, அடி இடம். சீட்டுக்குக் கீழே ஒரு அங்குலம்கூட வீணாகறதில்லை, அங்கே பெட்டி போயிடும்.

அடுக்கு, மடக்கு, அடி. இந்த மூணையும் வீட்டுக்குக் கொண்டு வருவோமா?

கழுத்தை நிமிர்த்துங்க!

நாம தரையை மட்டும்தான் இடம்னு நினைக்கிறோம். பத்துக்குப் பத்து ரூம், உயரமும் பத்து அடின்னா 1000 கன அடி காலி இடம். கதவு, ஜன்னல் எல்லாம் பொதுவா 7 அடியோட முடிஞ்சிடும். அதுக்கு மேல இருக்கிற 3 அடி, அதாவது 300 கன அடி, சும்மா காத்து வாங்கிட்டு இருக்கு.

கதவு உயரத்துக்கு மேல, ஒரு பக்கச் சுவர் முழுக்க ஓர் அடி அகலத்துக்கு ஒரு பலகை. ஒரு புக்குக்கு ஒரு அங்குலம்னு வெச்சாலும் அடிக்கு 12 புக். பத்தடிக்கு 120 புக்! மேஜை மேல மலையா குவிஞ்சிருக்கிற செமஸ்டர் புக்ஸ் எல்லாம் மேல ஏறிடுச்சுன்னா, மேஜை மறுபடி மேஜையாகிடும். ஃபேன் இடிக்குமேன்னு பயமா? சாதாரண 48 அங்குல ஃபேனோட இறக்கை நடுவுல இருந்து 2 அடிதான் வரும். ரூம் நடுவுல மாட்டியிருந்தா சுவர் வரைக்கும் இன்னும் 3 அடி மிச்சம் இருக்கு. கவலைப்படாதீங்க. ஃபேன் ஓரமா மாட்டியிருந்தா மட்டும் அந்தப் பக்கச் சுவரை விட்டுடுங்க.

ஆனா கண்டிஷன்ஸ் அப்ளை. மேலே போறது லேசானதா, அடிக்கடி தேவைப்படாததா இருக்கணும். கிரைண்டரைத் தூக்கி மேலே வெச்சுட்டு, தலையில விழுந்துச்சுன்னு என்கிட்டே வராதீங்க!

இன்னொரு முக்கியமான மேட்டர். டிசம்பர் 2015 வெள்ளத்துல சென்னையில எத்தனையோ வீட்ல தண்ணி புகுந்து, மார்க் ஷீட், சர்டிஃபிகேட் எல்லாம் கூழாப் போச்சு. அரசாங்கமே சிறப்பு முகாம் போட்டு நகல் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டி வந்தது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் தண்ணி வீட்டுக்குள்ள வந்தது. அதனால பரண்ல முதல்ல ஏற வேண்டியது பழைய பாத்திரம் இல்லை. வீட்ல எல்லாரோட சர்டிஃபிகேட்டும், வீட்டுப் பத்திரமும், ரேஷன் கார்டும் ஒரு ஜிப் வெச்ச பிளாஸ்டிக் ஃபைல்ல, மேல் தட்டுல, ஸ்டூல் போட்டா கைக்கு எட்டுற மாதிரி. நைட்டு பன்னிரண்டு மணிக்குத் தண்ணி வந்தாலும் ஒரே கையில தூக்கிட்டுக் கிளம்பலாம்.

கட்டிலுக்குக் கீழே ஒரு பீரோ!

ஒரு கணக்கு போடுங்க. ஆறரை அடி உயரம், மூணு அடி அகலம், ஒண்ணரை அடி ஆழம் உள்ள ஒரு ஸ்டீல் பீரோவோட கொள்ளளவு சுமார் 29 கன அடி. ஆறுக்கு நாலு கட்டில், அடியில ஓர் அடி இடைவெளி. நாலு காலுக்கும் ரெண்டு ரெண்டு செங்கலைப் படுக்க வெச்சா இன்னும் அரை அடி உயரும். இப்ப அடியில இருக்கிற இடம் 36 கன அடி. அதாவது ஒரு பீரோவைவிடப் பெரிசு! செலவு எட்டே எட்டு செங்கல்!

செங்கல் ஆடக் கூடாது. ரெண்டுக்கு மேல அடுக்காதீங்க. படுக்க வையுங்க, நிறுத்தி வைக்காதீங்க. வயசானவங்க படுக்கிற கட்டில்னா உயர்த்தவே வேண்டாம். ராத்திரி இறங்கும்போது கால் தரையில எட்டாம விழுந்துட்டாங்கன்னா அதைவிடப் பெரிய கஷ்டம் இல்லை.

அடியில என்ன வைக்கலாம்? ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்து ஸ்வெட்டர் வரைக்கும் எப்பவாவது உடுத்துற துணிகள். அட்டைப் பெட்டியில வைக்காதீங்க. ஈரம் இழுக்கும், கரப்பான் குடித்தனம் வந்திடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, இல்லைன்னா பாட்டியோட ட்ரங்க் பெட்டி. வெளியில என்ன இருக்குன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க. இல்லைன்னா ஒரு சட்டைக்காகப் பத்து டப்பாவை இழுப்பீங்க!

பாட்டி வீட்டு டெக்னாலஜி

'ஸ்பேஸ் சேவிங்'னு இப்ப ஸ்டைலா சொல்றோம். நம்ம பாட்டிங்க இதுல எல்லாம் பி.எச்டி. வாங்கினவங்க. கிராமத்து வீட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க.

சுவத்துக்குள்ளேயே குடைஞ்ச மாடக்குழி. விளக்கு வைக்கத் தனி ஸ்டாண்டு வேண்டாம், தரையில ஒரு அங்குலம் செலவில்லை. கூரையில இருந்து தொங்குற உறி. தயிர்ப் பானை, நெய்ச் சட்டி எல்லாம் அந்தரத்துல. பூனைக்கும் எட்டாது, இடத்தையும் அடைக்காது. குழந்தைக்குத் தனிக் கட்டில் கிடையாது. அம்மாவோட பழைய சேலை ஒண்ணு, விட்டத்துல கட்டினா தூளி. எழுந்ததும் அவிழ்த்தா மறுபடி சேலை! கல்யாண வீட்டுப் பாத்திரம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற அடுக்கு. கடுகு, மிளகு, சீரகத்துக்கு ஆளுக்கொரு டப்பா இல்லாம ஒரே அஞ்சறைப் பெட்டி.

எல்லாத்துக்கும் மேல, பாய்! ஆறுக்கு மூணு பாய் விரிச்சா 18 சதுர அடி. சுருட்டி மூலையில நிறுத்தினா அரை சதுர அடி. ஜப்பான்லயும் இதே கதைதான். ராத்திரி தரையில மெத்தை விரிப்பாங்க, காலையில மடிச்சு சுவர் அலமாரிக்குள்ள வெச்சுடுவாங்க. பெட்ரூம் அப்பவே ஹாலாகிடும். அங்கே ரூம் அளவையே 'ஆறு பாய் ரூம்', 'நாலரைப் பாய் ரூம்'னு தரைப் பாயை வெச்சுத்தான் சொல்வாங்க. நாமளோ கட்டிலை வாங்கிப் போட்டுட்டு, பகல் முழுக்க அது மேல துணியைக் குவிச்சு வெச்சிருக்கோம்!

கட்டில் கட்டாயம் வேணும்கிறவங்க வயசானவங்களும் முட்டி வலிக்காரங்களும்தான். நீங்க யூத்! பாய்க்கு இறங்குங்க. கட்டில் போன இடத்துல ஒரு மேஜை முளைக்கும்.

மடக்கு மேஜை... நீங்களே ரெடி பண்ணலாம்!

இதுதான் மெயின் மேட்டர். சுவத்தோட ஒட்டி மடங்குற மேஜை. பிளைவுட் கடையில 'வெட்டுத் துண்டு'ன்னு கேளுங்க. முழு ஷீட்ல வெட்டினது போக மிச்சம் விழுந்ததைக் குறைஞ்ச விலைக்குக் கொடுப்பாங்க. 18 மி.மீ. கனத்துல இரண்டரை அடி நீளம், ஒண்ணரை அடி அகலம் இருந்தாப் போதும். கூடவே ஹார்டுவேர் கடையில ரெண்டு மடக்கு பிராக்கெட், ஸ்க்ரூ, சுவத்துல இறக்க ராவல் பிளக். நாற்காலியில உட்காருறதா இருந்தா தரையில இருந்து இரண்டரை அடி உயரத்துல மாட்டணும். டிரில்லிங் மெஷின் இல்லைன்னா தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்டே ஒரு டீயோட கேட்டுப் பாருங்க.

ஜாக்கிரதை... ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே போடாதீங்க. சுவத்துக்குள்ள வயர் அந்த வழியாத்தான் போகும். ஈரம் ஊறி, பெயின்ட் உரியுற சுவரும் வேண்டாம். ஸ்க்ரூ பிடிக்காது. மாட்டினதும் லேப்டாப்பை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் தண்ணியை வெச்சு டெஸ்ட் பண்ணுங்க.

படிச்சு முடிச்சா மடக்கிடலாம். அந்த இடத்துல பாட்டி நடக்கலாம், பாய் விரிக்கலாம். ஜன்னல் பக்கமா மாட்டினா பகல்ல கரண்ட் மிச்சம். வலது கையால எழுதுறவங்களுக்கு வெளிச்சம் இடது பக்கம் இருந்து வரணும். அப்பத்தான் சொந்தக் கை நிழல் நோட்டு மேல விழாது.

தரையில உட்கார்ந்து படிக்கிற பார்ட்டியா? பழைய கடைகள்ல பார்த்திருப்பீங்களே, கணக்குப்பிள்ளை மேஜை... மேல் பலகை சாய்வா இருக்கும். அதைத் தூக்கினா உள்ளே பெட்டி. எழுதுறதும் அது மேல, நோட்டு, பேனா தூங்குறதும் அதுக்குள்ள. பழைய மரச் சாமான் விக்கிற கடையில கிடைச்சா விடாதீங்க. சுவத்துல ஒரு ஆணி தேவையில்லை!

'ஆணி அடிக்கக் கூடாது!'

வாடகை வீட்டு மக்களே, உங்க மைண்ட் வாய்ஸ் கேட்குது. 'ஹவுஸ் ஓனர் காலண்டர் மாட்டவே பெர்மிஷன் கேட்கச் சொல்றார். இதுல டிரில்லிங்கா?' உங்களுக்கும் வழி இருக்கு.

ஸ்லாட்டட் ஆங்கிள்! வரிசையா ஓட்டை போட்ட இரும்புச் சட்டம். கேட்கிற உயரத்துக்கு வெட்டித் தருவாங்க. நட்டு, போல்ட்டு போட்டு நீங்களே மாட்டிக்கலாம். தட்டுகளை எத்தனை அடி இடைவெளியில வேணும்னாலும் மாத்தலாம். சுவரைத் தொடாம நிக்கும். வீடு மாறும்போது கழட்டினா ஒரு கட்டு கம்பி, அவ்ளோதான். காயலான் கடையில பழசு கிடைச்சா துருவைத் தேய்ச்சு ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சுடுங்க. கனமானதைக் கீழ்த் தட்டுல வையுங்க. மேல் பக்கத்தை ஜன்னல் கம்பியோட சேர்த்து ஒரு கம்பியால இறுக்கிக் கட்டிடுங்க. சின்னப் பசங்க ஏறினாலும் சாயாது.

அடுத்து, கதவுக்குப் பின்னாடி. கதவு மேல மாட்டுற கொக்கியில பேக், ஹெல்மெட், ஐ.டி. கார்டு எல்லாம் தொங்கிடும். நாற்காலியில துணி குவியுற பழக்கத்துக்கும் அதோட முற்றுப்புள்ளி. நாற்காலிங்கிறது உட்காரத்தான், ஞாபகம் இருக்கா?

மூணாவது, திரை. ராத்திரி நீங்க படிச்சா லைட் வெளிச்சத்துல பாட்டி தூங்க முடியலை, லைட்டை அணைச்சா நீங்க படிக்க முடியலை. ஒண்டுக் குடித்தனத்தோட நிரந்தரப் பிரச்னை இது! ஜன்னல் கம்பிக்கும் எதிர்ப்பக்க பரண் கொக்கிக்கும் நடுவுல ஒரு கர்ட்டன் ஸ்பிரிங். அதுல அம்மாவோட பழைய காட்டன் சேலை. ஒரு சின்ன கிளிப் லைட். சத்தத்தை அது தடுக்காது. ஆனா வெளிச்சத்தைத் தடுக்கும், அதோட 'இந்தப் பக்கம் ஒரு ஆள் படிக்குது'ன்னு வீட்டுக்கே ஒரு போர்டு மாட்டின மாதிரி. பகல்ல தள்ளி விட்டுடலாம்.

ஹாஸ்டல் வாசிகளுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். கட்டிலுக்கு அடியில சூட்கேஸ், அந்த சூட்கேஸுக்குள்ள ஊருக்குப் போகும்போது மட்டும் போடுற துணி. ஜன்னல் கம்பியில இருந்து கம்பிக்கு ஒரு கொடி. மூணு பேர் ரூம்ல மூணு பக்கெட்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குங்க. 'இது என் பக்கெட்'னு சண்டை வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை!

தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி...

இடம் பிடிக்கிறதுல ரொம்ப மலிவான வழி, வேண்டாததைக் கழிக்கிறது. காசு செலவில்லை, பழைய பேப்பர்காரர்கிட்டே வரவுதான்! முடிஞ்ச செமஸ்டர் ஜெராக்ஸ், ஓடாத ரேடியோ, போன் வாங்கின அட்டை டப்பா எல்லாம் கிளம்பட்டும். நல்லா இருக்கிற புக்கை ஜூனியருக்குக் கொடுங்க. அடுத்த வருஷம் ஒரு ஃப்ரெண்டு எக்ஸ்ட்ரா.

ஆனா ஒரு விஷயம். உங்க சாமானை மட்டும் கழிங்க. பாட்டியோட ட்ரங்க் பெட்டியைத் திறந்து 'இதெல்லாம் எதுக்கு?'ன்னு கேட்காதீங்க. மொத்த வீட்லயும் அவங்களுக்குன்னு இருக்கிறது அந்த ரெண்டுக்கு ஒண்ணரை அடிதான். தாத்தாவோட கண்ணாடி, பழைய கல்யாணப் பத்திரிகை, ரெண்டு நல்ல புடவை... அது சாமான் கணக்குல வராது. ஆள் கணக்குல வரும். கட்டிலுக்கு அடியில முதல் இடம் அதுக்குத்தான்.

ஒரு கிச்சன் கதை

ரயில் பத்திப் பேசினோமே... அதே ரயில்ல இருந்து பாடம் படிச்ச ஒரு அம்மா இருந்தாங்க. ஆஸ்திரியாவோட முதல் பெண் ஆர்க்கிடெக்ட்டுகள்ல ஒருத்தரான மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில பயங்கர வீட்டுப் பஞ்சம். 1926ல ஃபிராங்க்ஃபர்ட் நகரம் சாதாரண ஜனங்களுக்காகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டினப்ப, கிச்சனை வடிவமைக்கிற வேலை இவங்ககிட்டே வந்தது. ரயில் சாப்பாட்டுப் பெட்டியில இத்துனூண்டு இடத்துல எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறாங்கன்னு பார்த்தாங்க. ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கணும், எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கெடுத்தாங்க. கடைசியில சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்ல, நம்ம கணக்குல 70 சதுர அடியில ஒரு கிச்சன்! மாவுக்கும் அரிசிக்கும் சின்ன அலுமினிய டிராயர்கள், சுவத்தோட மடங்குற இஸ்திரிப் பலகை, எல்லாமே கைக்கு எட்டுற தூரம். சுமார் 10,000 வீட்ல வெச்சாங்க. இன்னிக்கு நாம பார்க்கிற மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி.

சபாஷ்தான். ஆனா பின்னாடி வந்த பெண்கள் அதுல ஒரு குறை சொன்னாங்க. அந்தக் கிச்சன்ல ஒரே ஒரு ஆள்தான் நிக்க முடியும். உதவிக்குக்கூட இன்னொருத்தர் உள்ளே வர முடியாது. இடம் மிச்சமாச்சு, நேரம் மிச்சமாச்சு... வீட்டுப் பொம்பளை மட்டும் உள்ளே தனியா மாட்டிக்கிட்டாங்க!

நாமும் அந்த இடத்துல கோட்டை விட்டுடக் கூடாது பாஸ். பரண் போட்டாச்சு, கட்டிலை உயர்த்தியாச்சு, ராக் வந்தாச்சு. கிடைச்ச இடத்துல என்ன வரப் போகுது? இன்னும் பெரிய டி.வி.யா? இன்னொரு பீரோவா? கலர் பேனா புள்ளி வெச்ச அந்தப் பேப்பரை மறுபடி எடுங்க. புள்ளி இல்லாத ஆள் யாரோ, அவங்களுக்குத்தான் அந்த மூலை. அது தங்கச்சியோட படிப்பு மேஜையா இருக்கலாம், அம்மா மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடமா இருக்கலாம்.

ஒரே மேஜைதான் வைக்க முடியும்னா, மணிக் கணக்குல பங்கு போடுங்க. காலையில 5 முதல் 7 தம்பிக்கு, சாயங்காலம் 6 முதல் 8 தங்கச்சிக்கு, பத்து மணிக்கு மேல உங்களுக்கு. சுவத்துல எழுதி ஒட்டுங்க. எழுதி ஒட்டாத பங்கு எப்பவுமே வீட்ல சத்தமா பேசுற ஆளுக்குத்தான் போய்ச் சேரும். அனுபவத்துல சொல்றேன். அந்த ஆள் நான்தான்!

போன வருஷம் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அதுவும் சின்ன வீடுதான். ஹால் சுவத்துல, ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு மடக்கு மேஜை. மேல ஒரு பலகை நிறைய புக்.

"என்னக்கா, பொண்ணுக்கா?"ன்னு கேட்டேன்.

"அவளுக்கு உள்ரூம்ல இருக்கு. இது எனக்குடா"ன்னாங்க. அஞ்சல் வழியில எம்.ஏ. சேர்ந்திருக்காங்களாம்.

நான் ஒண்ணும் பேசலை. அந்த நாற்காலியில உட்காரவும் இல்லை. கீழே பாயில உட்கார்ந்து காபி குடிச்சுட்டு வந்தேன்.

இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை எழுந்து, உங்க வீட்டை மெதுவா ஒரு ரவுண்டு வாங்க. யார் எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. கிச்சன்ல லைட் எரியுதா? சிலிண்டர் பக்கத்துல யாராவது இருக்காங்களா? இருந்தாங்கன்னா... நாளைக்குக் காலையில முதல் வேலையா டேப்பை எடுங்க!